ஒத்திவைக்கப்பட்ட தீ

கெட்டில் ஃபோர்க் நகரில், வோய்டா சலவைக் கடையின் பின்சுவரில் பிடித்த தீ பதினான்கு வருடங்களாக ஜன்னல் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. காவல் – தீயணைப்புக் குழு அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருப்பதால் அது மேலே ஏறுவதில்லை. அணைக்கும்படி யாரும் தீர்மானம் நிறைவேற்றாததால் அணைவதும் இல்லை. எங்கள் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அதைப் பார்த்துக் கத்துவார்கள். இரண்டாம் வாரம் ஈரத் துணிக்கூடையோடு வந்து வரிசையில் நிற்பார்கள்.

அந்தக் குழுவில் ஐந்து பேர். மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை மணிக்கு நகர மன்றத்தின் மாடி அறையில் கூடுவார்கள். காவல் துறைக்கு என்ன வேண்டும், தீயணைப்புத் துறைக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. இரண்டு துறையும் எல்லா வருடமும் எல்லாவற்றையும் கேட்டுச் சண்டை போட்டதால், பெரிய சாமான் வாங்குவதற்கு முறை வைத்திருந்தார்கள்: ஒற்றை வருடம் காவலுக்கு, இரட்டை வருடம் தீயணைப்புக்கு. இந்த முறையை எழுதிவைத்தவர் குழுத் தலைவர் அர்விட் ஸ்டோக்கே. முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தை நடத்தியவர். தபால்தலை ஒட்ட மறந்த காரணத்துக்காகத் தன் சொந்தத் தாயின் கடிதத்தையே திருப்பி அனுப்பியவர். கூட்டத்தின் பொருள் பட்டியல் முந்தின நாளே மன்றத்தின் கதவில் ஒட்டப்பட வேண்டும், அதில் இல்லாத எதையும் கூட்டத்தில் முடிவு செய்யக் கூடாது என்பது சட்டம். அர்விட் அந்தச் சட்டத்தை மற்றவர்கள் சூப்புக்கு உப்பு போடுவது போல, யோசிக்காமல், கூட்டம் தவறாமல் பயன்படுத்தினார்.

1981 மார்ச் மாதக் கூட்டத்தில் நான்காவது பொருள், தீயணைப்பு வண்டியின் பழுதான பம்புக்குப் பதில் புதிய பம்பு. ஒற்றை வருடம் என்பதால் அந்த முறை காவல் துறையின் புதுக் காருக்குப் போயிருந்தது. பம்பை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தும் ஆயிற்று. நாற்பது மாடு வைத்திருக்கும் வெண்டல் க்ரோப் மட்டும் முடியாது என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தீயணைப்புத் தலைவர் ரூடி, தலைக்கவசத்தோடு படியேறி ஓடிவந்தார். ரூடி அர்விட்டின் தங்கை மகன்.

"மாமா! பெர்னடீன் அக்கா கடை எரியுது! பம்பு தண்ணி இழுக்க மாட்டேங்குது!"

"கூட்டத்துல மாமா கெடையாது ரூடி. தலைவரேன்னு சொல்லு."

"தலைவரே, கடை எரியுது!"

அர்விட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். "எரியிறது லிஸ்ட்ல இல்லையேப்பா."

"பம்பு இருக்குல்ல?" என்று வெண்டல் கத்தினார். "பம்பு இல்லாமத்தானய்யா எரியுது? நாலாவதோட சேர்த்துத் தொலை!"

அது நியாயம் என்று அர்விட்டுக்குப் பட்டது. தீயை நான்காவது பொருளோடு சேர்த்தார். ஆனால் நான்காவது பொருளின் மீது ஏற்கெனவே ஒரு தீர்மானம் நின்றிருந்தது. அதற்கு ஓட்டெடுக்காமல் வேறு எதுவும் பேச முடியாது. எனவே ஓட்டெடுத்தார். பழக்க தோஷத்தில் நான்கு கைகள் உயர்ந்தன, வெண்டல் மட்டும் கை தூக்கவில்லை. பம்பும் அதோடு சேர்த்த தீயும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. நேரம் ஏழு மணி நான்கு நிமிடம் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

அதே ஏழு நான்குக்கு, இரண்டு தெரு தள்ளி, வாளியும் கையுமாக நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள்: உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் சேர்ந்த துணிப்பஞ்சில் பிடித்து, சுவரேறி, ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த தீ, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நின்றது. நாக்குகள் அசைந்தன, சூடும் இருந்தது. ஆனால் மரத்தைத் தின்பதை நிறுத்திவிட்டது. வாளியால் ஊற்றிய தண்ணீர் சுவரில் வழிந்து தரைக்கு வந்ததே தவிர தீ நனையவில்லை. குழுவின் முன் நிலுவையில் இருக்கும் பொருளில் வெளியார் தலையிட முடியாது என்று நகர வழக்கறிஞர் பிறகு விளக்கினார். ஒத்திவைப்பு ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டம் வரைக்கும்தான் செல்லும் என்றும், கூட்டம் கூடாமல் போனால் தீ விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றும் அவரே எழுதிக் கொடுத்தார்.

இதனால் உறக்கம் போனது பெர்னடீன் வோய்டாவுக்குத்தான். கணவர் போன பிறகு அந்தக் கடையை ஒற்றை ஆளாக நடத்திவந்தவர். கடைக்கு மேலேயே குடியிருந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு இடமில்லை. மில்வாக்கியிலிருந்து வந்த காப்பீட்டு ஆள் தீயை நாடாவால் அளந்து, கட்டடம் எரிந்ததாகவும் சொல்ல முடியாது, எரியாததாகவும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு, பெர்னடீன் சுட்ட கசகசா ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டுப் போனார். ஒவ்வொரு இரண்டாம் செவ்வாயும் மதியத்திலிருந்தே தீ நிலைகொள்ளாது. ஜன்னல் சட்டத்தை எட்டி எட்டிப் பார்க்கும். பெர்னடீன் ஒரு பழுப்புக் கைப்பையில் வீட்டுப் பத்திரம், கணவரின் படம், ஒரு பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவார். ஓட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய் பிரஷ்ஷைத் திரும்பவும் கோப்பையில் வைப்பார். வெண்டல் ஒவ்வொரு மாதமும் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டார். தீ என்றால் அணைக்க வேண்டும், ஒத்திவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் அவரும் பெர்னடீனும் பள்ளியில் ஒரே வகுப்பு.

மறு வருடம் தீயணைப்பின் முறை வந்தது. ஆனால் பனி பாரத்தில் தீயணைப்பு நிலையத்தின் கூரை சரிந்ததால் அந்த முறை கூரைக்குப் போயிற்று. அதற்குள் ஊர் பழகிவிட்டது. தீக்கு முன்னால் கொடி கட்டித் தொங்கவிட்டால் கம்பளிப் போர்வைகூடப் பத்து நிமிடத்தில் காய்ந்தது. எவ்வளவு காய்ந்தாலும் சுருங்கவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத குழுவுக்கு இப்போது நாற்காலி போதவில்லை. ஆட்கள் காபியும் கேக்கும் கொண்டுவந்தார்கள். பலர் தங்கள் சொந்தத் தொல்லைகளையும் ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மதுக்கடையில் கைகலந்த இரண்டு சகோதரர்களைக் காவல் தலைவர் மார்வா டீட்ஸ் ஐந்தாவது பொருளாகக் கொண்டுவந்தார். அவர்கள் ஓங்கிய கையோடு ஒரு மாதம் நின்றார்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொண்டபோது எதற்குச் சண்டை என்பது இருவருக்கும் மறந்துவிட்டிருந்தது. மேற்கே ஒரு சூறாவளி எழும்பியபோது அதையும் கேட்டார்கள். சூறாவளி பொதுப்பணிக் குழுவின் பொறுப்பு என்று அர்விட் மறுத்துவிட்டார். பொதுப்பணிக் குழு வியாழக்கிழமைதான் கூடும். சூறாவளி புதன்கிழமை வந்து அவர்கள் லாரிக் கொட்டகையின் கூரையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று.

1983 ஜனவரியின் இரண்டாம் செவ்வாய் அன்று பனிப்புயல். மதியத்துக்கு மேல் எதிர்வீடு தெரியவில்லை. ஐவரில் மூவர் இருந்தால்தான் கூட்டம். ஏழு மணிக்குள் மூவர் சேராவிட்டால் கூட்டம் இல்லை என்றாகிவிடும். ஒருவர் பித்தப்பைக் கல்லோடு மாடிசன் மருத்துவமனையில் இருந்தார். இன்னொருவர் தன் வாசற்கதவையே திறக்க முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். மாடி அறைக்கு வந்து சேர்ந்தது அர்விட்டும், மன்றத்துக்கு அடுத்த வீட்டில் இருந்த பள்ளி நூலகர் ஹில்டா ப்ரூனும்தான். வெண்டலின் பண்ணை ஆறு மைல் தள்ளி. அவரை அழைத்துவர மார்வா புதுக் காரில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெர்னடீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சலவைக் கடையிலிருந்து ரூடி தொலைபேசியில் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, ஜன்னல் சட்டத்தைத் தொட்டிருச்சு."

ஆறு நாற்பது. ஹில்டா எழுந்து போய் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தார். வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"வெண்டல் எதுக்கு வரப்போறான்?" என்றார் பெர்னடீன். "வராம இருந்தா அவன் நெனச்சது நடந்துரும். ரெண்டு வருஷமா இதைத்தான கேட்டுக்கிட்டிருக்கான்."

ஹில்டா ஜன்னலை மறுபடியும் துடைத்தார்.

"தலைவரே, கண்ணாடி விரிசல் விடுது," என்றது தொலைபேசி.

"அர்விட், அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளி வச்சா என்ன?" என்று பெர்னடீன் மெதுவாகக் கேட்டார்.

அர்விட் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார். "தள்ளிருவேன் பெர்னடீன். சத்தியமாத் தள்ளிருவேன். ஆனா அது பொதுப்பணிக் குழுவோட கடிகாரம்."

ஆறு ஐம்பத்திரண்டுக்குத் தெருவில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. படியில் கனமான பூட்ஸ்கள் ஏறின. கதவைத் திறந்தது வெண்டல், புருவமெல்லாம் பனி. அவர் பின்னால் காவல் தலைவர் மார்வா. அவர் கார் மூன்றாம் மைலில் பனிமேட்டில் புதைந்துகிடந்தது. பால் கறப்பதைப் பாதியில் விட்டுவிட்டு டிராக்டரில் வந்துகொண்டிருந்த வெண்டல்தான் அவரைத் தோண்டி எடுத்து மட்கார்டின்மேல் உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஆரம்பிங்க சீக்கிரம்," என்றார் வெண்டல். "நான் வேணாம்னு சொல்லிட்டுப் போகணும். மாடு காத்துக்கிட்டிருக்கு."

ஹில்டா முன்மொழிந்தார், அர்விட் வழிமொழிந்தார். தலைவர் வழிமொழியலாமா என்று அர்விட்டே ஒரு கணம் தயங்கி, சிறு குழுக்களில் அதற்கு இடமுண்டு என்று தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டார். இரண்டுக்கு ஒன்று. தொலைபேசியில் ரூடி, "எறங்கிருச்சு மாமா, எறங்கிருச்சு!" என்று அழுதார். அன்று அர்விட் அவரைத் திருத்தவில்லை. பெர்னடீன் போய் வெண்டலைக் கட்டிக்கொண்டார்.

"ஏய், நான் உனக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன்."

"தெரியும்டா. பேசாம நில்லு."

"தீயை அணைங்கன்னு சொன்னேன். உன் வீட்டைக் கொளுத்துங்கன்னா சொன்னேன்?" என்றார் வெண்டல், அவர் தோளுக்கு மேலாக, சுவரைப் பார்த்து.

மறு வருடம் தீயணைப்பின் முறையில் பம்பு வந்தது. ரூடி அதைச் சோதித்துப் பார்த்த அன்று தண்ணீர் லூத்தரன் தேவாலயத்தின் கோபுரத்தைத் தாண்டி, மறுபக்கத் தெருவில் கத்தோலிக்கர்களின் மீன் வறுவல் மேசைமேல் விழுந்தது. இனி அணைக்கலாமா என்று பொது விசாரணை வைத்தார்கள். அணைக்க வேண்டும் என்றால் முதலில் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்ட நிமிடமே தீ மேலேறும். பம்பு அதை முந்த வேண்டும். முந்தும் என்று ரூடி தலைக்கவசத்தைத் தொட்டுச் சொன்னார். முடிவைப் பெர்னடீனிடமே விட்டார்கள். பொதுமக்களுக்கு உள்ள மூன்று நிமிடத்தை அர்விட், முட்டை வேகவைக்கும் மணற்கடிகையைத் திருப்பிவைத்துத் தொடங்கினார்.

"முதல் வருஷம் அந்தப் பக்கமே திரும்பாமத்தான் எறங்கி வருவேன்," என்றார் பெர்னடீன். "இப்ப காலைல எறங்கினதும் அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்துத்தான் கோட்டு போட்டுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றேன். அணைச்சா ஒரு கருகின சுவரு மிஞ்சும், ஊரெல்லாம் ஈரத்துணி. அது இருந்துட்டுப் போகட்டும். ஆனா நான் இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு வர்றது இதோட போதும். இரண்டாம் செவ்வாயானா ரூடி வண்டியை என் வாசல்ல நிறுத்தட்டும். அவ்வளவுதான் கேக்குறேன்."

மணல் பாதிகூட இறங்கியிருக்கவில்லை. மீதி நேரத்தில் எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இரண்டாம் செவ்வாயும் மாலை ஆறு மணிக்குத் தீயணைப்பு வண்டி சலவைக் கடை வாசலில் வந்து நிற்கிறது. குழாயை விரித்து, பம்பை ஓடவிட்டு, மன்றத்திலிருந்து தொலைபேசி வரும்வரை வீரர்கள் தங்கள் அழுக்குத் துணியைத் துவைத்து முடிக்கிறார்கள். கருகிய ஜன்னல் சட்டத்துக்கு ஹில்டா வருடம் ஒருமுறை பச்சை வர்ணம் அடிக்கிறார். பெர்னடீன் இப்போதும் அதே பழுப்புப் பையோடுதான் கூட்டத்துக்கு வருகிறார். அதில் கசகசா ரொட்டி இருக்கும். பல் துலக்கும் பிரஷ் மாடியில், கோப்பையில் இருக்கிறது.

சென்ற தேர்தலில் குழுவுக்கு வந்த ஓர் இளம் உறுப்பினர், இன்னும் ஏன் எதிர்த்து ஓட்டுப் போடுகிறீர்கள் என்று வெண்டலிடம் கேட்டார். "என் சட்டையும் அங்கதான்ப்பா காயுது," என்றார் வெண்டல். "ஆனா தீன்னா தீதான். மாசத்துக்கு ஒருத்தனாவது அதுகிட்ட சொல்லி வைக்கணும்."

போன செவ்வாய்க்கிழமையும் நான்குக்கு ஒன்று. கூட்டம் முடிந்ததும் வெண்டல் சலவைக் கடைக்குப் போய், காய்ந்த வேலைச்சட்டைகளைச் சூட்டோடு வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாடு கறக்கப் போனார்.