இருபத்தேழு திருத்தங்கள்

காலையில் ஆனந்தமேரி சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் போதும், சூசைமாணிக்கம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மகன் ரொனால்டு வீட்டில், அமெரிக்காவில், இருவரும் ஆறு வருஷம் இருந்தாயிற்று. குடியுரிமைக்கு விண்ணப்பித்து, ஏப்ரலில் நேர்காணல். அதற்குள் மரியநாதபுரத்துச் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பலாம் என்று ஜனவரியில் திண்டுக்கல் வந்திருந்தார்கள்.

நேர்காணலில் அந்த நாட்டு அரசியல் சட்டத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் கேள்வி கேட்பார்கள், ஆங்கிலத்தில். நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, முப்பத்து நான்கு வருஷம் பள்ளியில் வரலாறு நடத்திய மிடுக்கோடு அவர் தொடங்கிவிட்டார். கேள்வி ஆங்கிலத்தில் வரும், திட்டு தமிழில் வரும்.

நாட்டின் உச்ச சட்டம் எது, அதில் இதுவரை எத்தனை திருத்தம், முதல் பத்துக்கு என்ன பெயர் என்று வரிசையாகக் கேட்பார். கான்ஸ்டிடியூஷன், இருபத்தேழு, பில் ஆஃப் ரைட்ஸ் என்று அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். முதல் திருத்தம் தரும் உரிமைகளில் கூட்டம் கூடுவதை விட்டுவிட்டால் முகம் சுளிப்பார். ஓட்டுரிமைக்கு மட்டும் நான்கு திருத்தங்கள். பெண்களுக்கு ஓட்டு வந்தது பத்தொன்பதாவது திருத்தத்தில்.

அறுபத்தாறு வயதில் அவளுக்கு இதெல்லாம் எதற்கென்று இருந்தது. அந்த ஆறு வருஷமும் இரண்டு பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளி பஸ் ஏற்றிவிட்டு, மருமகள் ஷைனி வேலையிலிருந்து வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி இருந்தாள். யாராவது காரில் கூட்டிப் போனால்தான் கோயில்கூட. யாரும் அவளைக் குறைவாக நடத்தவில்லை. ஆனாலும் எலும்புக்குள் ஓர் அசதி ஏறி உட்கார்ந்திருந்தது. ஊருக்கு வந்தும் அது இறங்கவில்லை.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் எத்தனை திருத்தம் என்று கேட்டார். சொன்னாள். நாலைந்து கேள்வி தள்ளி மறுபடி அதையே கேட்டார். பழக்கத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்விக்கு நேராக பேனாவால் மூன்று டிக் போட்டிருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதிலைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

கையைக் கழுவிவிட்டு வந்து, இன்றைக்கு நான் கேட்கிறேன் என்று ஃபைலை வாங்கிக்கொண்டாள். அவர் சிரித்தபடி கொடுத்தார்.

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதை அவர் முந்தாநாள் நேரில் பார்த்தவர் போலச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷந்தோறும் நடத்திய பாடம். அடுத்து, அரசியல் சட்டத்தில் செய்யும் மாற்றத்துக்கு என்ன பெயர் என்று கேட்டாள். அவர் வாய் திறந்தார். சொல் வரவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தார், வேட்டி நுனியைத் திருகினார்.

"பட்டா மாறுதல்" என்றார் கடைசியில்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் ஃபைலைப் பிடுங்க வந்து, பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எதுவும் நிக்க மாட்டேங்குது மேரி. அக்டோபர்லயே தெரியும்."

"ரொனால்டுகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. நான் எப்படியும் பாஸாகப் போறதில்ல. ஒருத்தராவது ஆகணும்ல. எனக்குப் பெறகு நீ அவன்கிட்ட இருக்கணும். கிரீன் கார்டு சரியில்ல, பேப்பர் சரியில்லன்னு ஒருத்தனும் ஒன்னத் திருப்பி அனுப்பக் கூடாது."

தன்னைத்தான் பரீட்சை வைத்து வாட்டுகிறார் என்று இத்தனை நாள் மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறாள்.

"அங்கன இருக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றாள். "நீங்க ஆசப்படுறீகன்னு நானும், நான் ஆசப்படுறேன்னு நீங்களும் ஆறு வருசத்த ஓட்டிட்டோமா?"

அவர் மடியில் கிடந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாராயம் கூடாதுன்னு பதினெட்டாவது திருத்தம் போட்டவங்க, சரிப்படலன்னு தெரிஞ்சதும் இன்னொரு திருத்தம் போட்டு அத நீக்கல? அம்புட்டுப் பெரிய நாடே செய்யுது. நாம போட்டது ஒரு விண்ணப்பம்தான."

அன்று சாயங்காலம் ரொனால்டைக் கூப்பிட்டாள். அவன் பதறிவிட்டான். டாக்டர் சான்றிதழ் இருந்தால் அப்பாவுக்குக் கேள்வியிலிருந்து விலக்குக் கேட்கலாம், நேர்காணலை மட்டும் விட வேண்டாம் என்று கெஞ்சினான்.

"அவருக்கு விலக்கு கெடைக்கும்பா. எனக்கு?" என்றாள்.

என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டவனுக்கு, தன்னால் இனி முடியவில்லை என்று முதல் தடவையாகச் சொன்னாள். ஷைனி போனை வாங்கி, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மாமாவை முதலில் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்காததே ஆனந்தமேரிக்குப் பெரிய ஆறுதல். அதுவே கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை ரொனால்டு அனுப்பினான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சூசைமாணிக்கத்துக்கு அதில் சம்மதமில்லை. தன்னால் அவள் கெட்டுப்போகிறாள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் மதுரைக்கு, நரம்பு டாக்டரிடம் போக பஸ் ஏறினார்கள்.

சின்னாளப்பட்டி தாண்டும் முன்பே அவர் தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் இவர்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள்.

"ஒனக்கு வருத்தமில்லையே?" என்றார், எழாமல்.

"அசதியா இருக்கு. வேறொண்ணும் இல்ல. எந்திரிங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் முதலில் எழுந்தாள். பிறகு அவருக்குக் கை கொடுத்தாள்.