சாமான் அறையில் ஓர் உப்புக் குகை

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாவிட்டால் கை ஓடாது. அப்பேர்ப்பட்டவன் ஒரு சொட்டு ஈரம்கூடப் படக்கூடாத அறையைக் கட்டக் கிளம்பினான் என்றால், ஒன்று மூளை குழம்பியிருக்க வேண்டும், இல்லை மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருக்க வேண்டும். ரசமட்டத்துக்கு இரண்டாவதுதான்.

ரசமட்டம் என்பது, மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர். நூலளவு சாய்ந்தாலும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவான். அவன் மனைவிக்குக் கொஞ்ச காலமாக இழுப்பு. படியேறினால் மூச்சு வாங்கும், படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வேலைத் துணியை யார் துவைக்கிறது?"

"அவதான்."

"கல்லு அறுக்கிற தூசு அது. அவங்க கை அதுல படவே கூடாது. வேலைத் துணியோட வீட்டுக்குள்ளயே வராதீங்க."

வெளியே வந்ததும் "என்ன சொன்னாரு?" என்று அவள் கேட்டாள். என் சட்டைதான் உன் நெஞ்சைப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "கிளைமேட் ஒத்துக்கலையாம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அடுத்த இரண்டு நாள் தன் துணியைத் தானே துவைக்கப் பார்த்தான். "என்னங்க திடீர்னு?" என்று சிரித்துக்கொண்டே வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கு மேல் மல்லுக்கட்டினால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. கோழைப்பயல், விட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பங்களாவில் உப்பு அறை கட்டுகிற வேலை வந்தது. உள்ளே உட்கார்ந்தால் உப்புக் காற்று நுரையீரலைக் கழுவிவிடும் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அது உண்மையா என்று ரசமட்டம் யாரிடமும் விசாரிக்கவில்லை. உண்மையாக இருந்தே ஆக வேண்டும் அவனுக்கு.

தன் வீட்டிலேயே அப்படி ஒன்று கட்ட இறங்கியதில் சேமிப்பு மொத்தமும் போனது. போதாததற்கு அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். "எனக்காகத்தானே செய்றீங்க" என்றாள்.

சாமான் அறையைக் காலி செய்தான். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பாலிதீன் தாளை ஒட்டிவைத்துப் பார்த்தான். தாளின் உள்பக்கம் வேர்க்கவில்லை. சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி மரச்சட்டம் நிறுத்தினான். சிமெண்ட் ஆகாது, அதிலிருக்கும் தண்ணீரே உப்பைத் தின்றுவிடும். இரும்பு ஆணியை உப்பு தின்றுவிடும். அதனால் இளஞ்சிவப்பு உப்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பசை வைத்துச் சட்டத்தில் பதித்தான். பழக்கதோஷத்தில் ஒரு கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதன் முகம் கரைந்து குழிவிழுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

எலக்ட்ரீஷியனான மச்சினன் கற்களுக்குப் பின்னால் விளக்கு மாட்ட வந்தான். "மாமா, அக்காவ ஊறுகாய் போடப் போறீங்களா?" என்றான். ரசமட்டம் சிரிக்கவில்லை. "வயரை ஒழுங்கா இழு மாப்ள" என்று மட்டும் சொன்னான்.

தரையில் கணுக்கால் முங்க உப்புப் பொடி கொட்டி, விளக்கைப் போட்டபோது அறையே கனிந்த பழம் மாதிரி இருந்தது. ஒரு கல்கூட மட்டம் தப்பவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவனுக்குப் பாவம் பாதி தீர்ந்த மாதிரி இருந்தது. மீதியை இந்த அறை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான்.

தினமும் மத்தியானம் அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். இழுப்பு குறையவில்லை, கூடியது.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வந்தவன் உப்பு அறையைத் திறந்தான். உள்ளே புகை மாதிரி தூசு. அதன் நடுவில் அவள் அவனுடைய முந்தின நாள் வேலைச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் படார் படாரென்று உதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற!" என்று கத்தினான்.

"ஊற வைக்கிறதுக்கு முன்னாடி உதறணுமில்ல? வெளிய உதறினா பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்க. இங்கன்னா தூசு உப்போட உப்பாப் போயிடுது, பெருக்கக்கூட வேண்டாம்." இருமல் வந்து நின்றது. "நுரையீரலைக் கழுவுற காத்துன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவன் சட்டையைப் பிடுங்கி எறிந்தான். அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, கூடத்து ஜன்னலைத் திறந்து, அதன் பக்கத்தில் உட்கார வைத்தான். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அவள் கத்தவில்லை. மூச்சு நிதானப்படுகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு உப்பு அறைப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ, என் துணியைத் தொடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமா?"

"போதும்" என்று சொல்ல அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.