வாசலைத் தாண்டாத சத்தம்

கோட்டக்குப்பத்தில் வளைகுடாவிலிருந்து ஒருவன் வந்து இறங்கினால், அவன் பெட்டியைத் திறக்கும்வரை தெருவுக்கு இருப்புக்கொள்ளாது. சென்ட் பாட்டில் வரும், டார்ச் லைட் வரும், கட்டாயமாக ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வரும். ஜெகபர் அலி பஹ்ரைனில் ஒரு ஓட்டலில் நாலு வருஷம் படுக்கை விரித்துப் போட்டுவிட்டு 1984 நவம்பரில் வந்தபோது, அவன் கையில் டூ-இன்-ஒன் இல்லை. வயிறு பெருத்த ஒரு மின்சாரக் கிட்டார் இருந்தது. அதைப் பேச வைக்கிற ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர் பாக்ஸையும் விமானத்தில் எடை கூடும் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அடுப்பில்லாத வீட்டுக்குக் குக்கர் வாங்கி வந்த கதைதான்.

அந்த ஓட்டலில் ஒரு கோவாக்காரர் சாயங்காலங்களில் ஜாஸ் வாசிப்பார். அலி முதலில் கதவோரம் நின்று கேட்டான், பிறகு அவரிடமே விரல் வைக்கப் பழகினான். அவருடைய கிட்டார் கத்தாது. மேஜையைச் சுற்றி நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் அது ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து பேசும். அந்தச் சத்தம் அலிக்குப் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு படுக்கை விரிப்பது அவனுக்கு எட்டிக்காயாகக் கசந்தது.

அவன் அம்மா மஹபூப் பீவிக்கு இதெல்லாம் புரியவில்லை. புது விசா வந்தாயிற்று, ஜனவரி மூணாந்தேதி விமானம். பையனோ போகமாட்டேன் என்கிறான். அந்த நேரம் பார்த்து, கோவாக்காரர் சொல்லிவைத்திருந்த ஒரு பேண்ட் மாஸ்டரின் கடிதம் மெட்ராஸிலிருந்து வந்தது. அவருடைய கிட்டார்க்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். டிசம்பர் முப்பதாம் தேதி ஞாயிறு மாலை நாலு மணிக்கு ரயில்வே ஊழியர் மன்றமான விழுப்புரம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ் நடனம். அங்கே வந்து வாசித்துக் காட்டு, பிடித்தால் மெட்ராஸ் ஓட்டலில் நிரந்தர வேலை, ஆம்ப்ளிபயரும் பாக்ஸும் உன் பொறுப்பு என்று எழுதியிருந்தார். மஹபூப் பீவி யோசித்து ஒரு முடிவு சொன்னாள்.

"அவங்க உன்னச் சேத்துக்கினா இரு. இல்லன்னா மூணாந்தேதி வாயத் தொறக்காம ஏறிடணும்."

அலி சரி என்றான். கையில் ஐந்து வாரம் இருந்தது.

திண்டிவனத்தில் கோதண்டபாணி சவுண்ட் சர்வீஸ் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. கோதண்டபாணி மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். கீழே ஆம்ப்ளிபயரைப் பிடிப்பது அவர் மனைவி அம்சவள்ளி. வயர் பற்றவைப்பது, ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அவள்தான். ஒரு குழாய் நல்லதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அம்சவள்ளி பாட்டைப் போடுவாள், கோதண்டபாணி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளியனூர் ரோட்டில் போய்க்கொண்டே இருப்பார். எந்த இடத்தில் சத்தம் காதை விட்டு நழுவுகிறதோ அங்கே இறங்கிப் பார்த்துக்கொண்டு திரும்புவார். இது புளியமரம் வரை, இது கடலை உடைக்கிற மல்லாட்டை மில் வரை என்று ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பெயர் இருந்தது. கல்யாணக்காரர்கள் பெரும்பாலும் மில்லைத்தான் கேட்பார்கள்.

இவரிடம் போய் அலி கேட்டது இதுதான்: "அண்ணே, விழுப்புரம் ஹாலு வாசல் வரைக்கும் கேட்டா போதும். அதத் தாண்டக் கூடாது."

கோதண்டபாணிக்கு முகம் சுண்டிவிட்டது. இருபது வருஷமாகத் தொழில் செய்கிறவரிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அம்சவள்ளிதான் அவனை உட்காரச் சொல்லி, கிட்டாரின் வயரை மைக் சொருகுகிற துளையில் மாட்டினாள்.

குழாயில் கிட்டார் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியதுபோல ஒலித்தது. கூட்டங்களுக்கு வைக்கிற, தூண்போல நீளமான 'காலம்' ஸ்பீக்கரில் ஒவ்வொரு சுரமும் பிரசங்கம் செய்தது. அடுத்து, கடையின் கௌரவமாக வாசலிலேயே நிற்கிற பெரிய பாக்ஸ், பதினைந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ளது. அலி ஒரு சுரத்தைத் தொட்டதும் தரை அதிர்ந்தது, அடுத்த நொடி கிட்டாரே சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்பி ஊய் என்று கூவத் தொடங்கிவிட்டது. உள்ளே கூடான கிட்டாருக்கு அது பிறவிக் குணம். சத்தம் கூடினால் கூவும். எதிர்க்கடை ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அலிக்கு மானம் போயிற்று, ஆனால் எழுந்து போகவில்லை. இதுவும் இல்லை, அடுத்தது என்றான்.

அடுத்தது என்று கடையில் ஒன்றும் இல்லை. "அப்ப நம்மளே செஞ்சிக்கலாம்" என்றாள் அம்சவள்ளி. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டிருந்தது.

பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. அதற்குப் பிளைவுட்டில் ஒரு பெட்டி. முதலில் சிறியதாக அடித்தார்கள், சளி பிடித்தவன் பேசுவதுபோல் இருந்தது. பெரிதாக்கினார்கள், சரியாக வந்தது, ஆனால் முதுகுப் பலகை போடாததால் சத்தம் பின்பக்கமாகச் சிதறி ஓடியது. பலகை போட்டு இறுக்கினார்கள், உள்ளே எதிரொலித்தது. அம்சவள்ளி மல்லாட்டை மூட்டைச் சாக்குகளைக் கிழித்து உள்சுவரெல்லாம் ஒட்டினாள். ஆம்ப்ளிபயரில் கீச்சுச் சத்தத்துக்கான குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினாள். அலி ஒவ்வொரு வியாழனும் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து வாசித்துப் பார்த்து, இன்னும் இல்லை அக்கா என்பான். அவள் மறுபடி திருகாணியைக் கழற்றுவாள். நாலாவது வியாழன் அவன் ஒரு ராகம் மாதிரி நீளமாக எதையோ வாசித்தான். கண் நிறைந்துவிட்டது. அந்தக் கோவாக்காரரின் சத்தம் சாக்கு வாசனையோடு எதிரே உட்கார்ந்திருந்தது. கோதண்டபாணி சைக்கிளை எடுத்தார், ரோட்டில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டார். இவ்வளவுதானா என்று அவருக்கு ஆறவே இல்லை.

முப்பதாம் தேதி மூவரும் பெட்டியோடு விழுப்புரம் போனார்கள். ஹால் நிறைய ரயில்வேக் குடும்பங்கள், பிள்ளைகள், காகிதத் தோரணம். பெட்டியை மேடையில் அலியின் கால் பக்கம் வைத்தார்கள். பேண்ட் மாஸ்டர் ஒல்லியான மனிதர், பியானோ அவருடையது. முதல் பாட்டு தொடங்கியது, ஜனங்கள் ஆட எழுந்தார்கள், அங்கேதான் வினை. நூறு ஜோடிச் செருப்பும் பூட்சும் மரத்தரையில் தேய்ந்த சத்தத்தில் கிட்டார் காணாமல் போயிற்று. கூட்டு என்று மாஸ்டர் கண்ணைக் காட்டினார். அலி கூட்டினான். கிட்டார் ஊய் என்று கூவியது, ஒரு குழந்தை அழுதது, அவன் குமிழைப் பழைய இடத்துக்கே இறக்கினான். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாட்டுக்கு அவனைச் சும்மா உட்காரச் சொன்னார்.

அலி ஓரமாக இறங்கி நின்றான். கண்ணெதிரே பஹ்ரைன் படுக்கைகள் வரிசையாக நின்றன. சத்தத்தைக் கூட்டினால் கூவும், குறைத்தால் கேட்காது. பெட்டியில் என்ன தப்பு என்று அம்சவள்ளிக்கும் தெரியவில்லை. கோதண்டபாணிதான் ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் எந்த ஸ்பீக்கரையும் தரையில் வைக்காத மனிதர் அவர்.

"தரையில வச்சா முட்டிக்குத்தான் கேக்கும் பாய். காது மேல இருக்குது."

சொல்லிவிட்டு டீ பரிமாறுகிற மேஜையைக் காலி செய்து தூக்கி வந்தார். அதன்மேல் ஒரு முக்காலி, முக்காலிமேல் பெட்டி. பின்பக்கத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து, ஜனங்களின் தலைகளைப் பார்க்கும்படி லேசாகக் குனிய வைத்துக் கயிற்றால் கட்டினார். முடிச்சு மரத்தில் போடுகிற அதே முடிச்சு. அலி யாரும் கூப்பிடாமலே மேடை ஏறி, இன்னும் ஒரே ஒரு பாட்டு கொடுங்கள் மாஸ்டர் என்றான். மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு கையசைத்தார்.

குமிழை அலி தொடவேயில்லை. அதே அளவு சத்தம்தான். ஆனால் இப்போது அது காலடிச் சத்தத்துக்கு மேலாக வந்து ஒவ்வொருவர் தோளருகிலும் நின்று பேசியது. ஆடிக்கொண்டிருந்த ஒரு கிழவர் நின்று மேடைப் பக்கம் திரும்பினார். நாலாவது பாட்டில் மாஸ்டர் பியானோவை மெதுவாக்கி அவனுக்கு வழி விட்டார். அதற்குப் பிறகு கடைசிவரை அவனை உட்காரச் சொல்லவில்லை. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்ததும், சனிக்கிழமை மெட்ராஸுக்கு வந்து சேர், பெட்டியையும் கொண்டு வா என்றார். அம்சவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோதண்டபாணி பழக்க தோஷத்தில் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கிட்டார் வெளியே ஒரு துளி கேட்கவில்லை என்று முதல் தடவையாக அதைப் பெருமையாகச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். வெள்ளைத் துப்பட்டி போட்ட ஓர் அம்மா வாசல் தூணில் சாய்ந்து ரொம்ப நேரமாக அழுதுகொண்டிருக்கிறார் என்றார்.

அலி ஓடினான். மஹபூப் பீவி பஸ் பிடித்து வந்திருந்தாள். ஆடுகிற இடத்துக்குள் வரக் கூச்சப்பட்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் விமான டிக்கெட்.

"உன் சத்தம் ஒண்ணும் வரலியே அலி. உன்ன வாசிக்கவே வுடலியா?"

அலி அவள் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப் போனான். நாற்காலிகள் மட்டும் மிச்சமிருந்தன. அம்சவள்ளி சுருட்டிய வயரை மறுபடி பிரித்து மாட்டினாள். அலி வாசித்தான்.

மஹபூப் பீவி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். நாலு வருஷமாகத் தூர தேசத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று பிள்ளை கடிதத்தில் எழுதாததையெல்லாம் அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சத்தமாத்தான் வையேண்டா."

"முடியாதும்மா. நீ கிட்ட வா."

டிக்கெட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, மஹபூப் பீவி தன் நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.