பாதி வாயு

2006 ஆடிக் கிருத்திகையன்று, காவடிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு துரைக்கண்ணு தன் நாயைத் தோளில் சுமந்தபடி கால்நடை மருத்துவர் சாய்லக்ஷ்மியின் கிளினிக்குக்குள் நுழைந்தார். செவலைக்குப் பதினோரு வயது. கர்ப்பப்பையில் சீழ் கட்டி வயிறு பானைபோல் உப்பியிருந்தது; ஈறு வெளுத்திருந்தது. அன்றே அறுத்து எடுத்தாக வேண்டும். சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்றால் ரயிலிலும் சாலையிலும் கால் வைக்க இடமில்லை.

சாய்லக்ஷ்மி செவலையை மேசையில் கிடத்தினாள். மாசி மாதம் இதே மேசையில், இதே நோயோடு வந்த ஒரு நாய் செத்துப்போனது. கத்தியால் அல்ல, மயக்க வாயுவால். முழு அளவு கொடுத்ததும் நலிந்திருந்த இதயம் அடங்கிவிட்டது. அதன்பிறகு கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்தாள். ஃபென்டனில் என்ற வலிமருந்தை ரத்தக்குழாயில் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் நாய்க்கு வாயு பாதியளவே போதும் என்றிருந்தது. அந்த மருந்துக்கான அனுமதிக்கு நாலு மாதம் அலைந்தாள். முந்தாநாள்தான் கைக்கு வந்தது.

"நம்ம செவல பொழைக்குங்களா, டாக்டரம்மா?"

"தெரியலீங்க. ஒரு மருந்து இருக்கு. இன்னைக்குத்தான் மொத தடவையா போடப்போறேன்."

துரைக்கண்ணு அவள் முகத்தையே பார்த்தார். "நீங்க பொய் சொல்லல. போடுங்கம்மா."

தொண்டையில் குழாய் இறங்கியது; அதன் மறுமுனையில், மூச்சுக்கேற்பச் சுருங்கி விரியும் கறுப்பு ரப்பர் பை. நர்ஸ் தமயந்தி ஃபென்டனில் சொட்டு மருந்தைத் திறந்தாள். சற்றுப் பொறுத்து, வாயுவின் அளவைச் சாய்லக்ஷ்மி இரண்டு சதவீதத்திலிருந்து ஒன்றரைக்கு இறக்கி, வலி தெரிகிறதா என்று பார்க்கக் கிடுக்கியால் கால்விரலை நெரித்தாள். கால் இழுக்கவில்லை. ஒன்றுக்கு இறக்கினாள். மறுபடி நெரித்தாள். அசைவேயில்லை. தொடையில் விரல் வைத்தால் நாடி நிதானமாக, திண்ணென்று வந்து முட்டியது.

"தமயந்தி, பாதிதான்! பாதிதான் போகுது!" அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கை கழுவி, வயிற்றைத் திறந்து, சீழ்ப்பையைப் பாதி வெளியே எடுத்தபோது செவலையின் மூச்சு நின்றது. அந்த மருந்து மூச்சை மந்தமாக்கும் என்று படித்திருந்தாள். ஆனால் அவள் கை இரண்டும் வயிற்றுக்குள். தமயந்தியின் கையில் கிடுக்கிகள்.

"துரைக்கண்ணு, உள்ள வாங்க! அந்தக் கறுப்புப் பைய அமுக்குங்க!"

"என் கையாலயா?"

"உங்க கையாலதான்! மெதுவா! இப்ப... விடுங்க!"

களைவெட்டிக் காய்த்த கை ரப்பர் பையை அமுக்க, செவலையின் மார்பு எழுந்து தணிந்தது.

"தூக்குது! பாருங்கம்மா, தூக்குது!"

"அப்படித்தான்! நிறுத்தாதீங்க!"

"ஆங், அமுக்கிகினே இருக்கேன். நீங்க ஒங்க வேலயப் பாருங்க!"

நாற்பது நிமிடம். சீழ்ப்பை வாளியில் தொப்பென்று விழுந்தது. கடைசித் தையலும் முடிந்தது. சொட்டு மருந்தையும் வாயுவையும் மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். திடீரென்று துரைக்கண்ணு கையை உதறிக்கொண்டு கத்தினார்.

"நான் அமுக்கலீங்க! அதுவே இழுக்குது!"

 பை சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. வெளியே திருப்பதி பஸ் ஒன்று கூட்டத்தில் மாட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்தது. கண் திறக்காமலே, செவலையின் இடது காது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியது.