ஜெய்னபின் மஹர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. போன வருடம் கடலூரில், இறந்துபோன சைபுல்லாவின் மய்யித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நின்ற ஆண்களில் நானும் ஒருவன். திரைக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி ஜெய்னப். இந்தப் பக்கம் அவன் அண்ணன் ரஃபியுதீன்.

"ஜெய்னபு, மஹர மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. தம்பி கடனோட கபுருக்குப் போவக் கூடாது பாரு."

(எங்கள் பக்கத்தில் மய்யித்தை எடுக்குமுன் கேட்பதுதான். நிக்காஹ்வில் பெண்ணுக்குத் தருவதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்ட மஹர் பல வீடுகளில் கொடுபடாமலே கிடக்கும். மனைவியும் அழுதபடி தலையாட்டிவிடுவாள்.)

ஜெய்னப் வாய் திறக்கவில்லை.

2

ஒரு தொடக்கம் எழுதினேன்: 'சிதம்பரம் பஸ்ஸின் ஜன்னலோரத்தில், கண் நிறையக் கனவுகளோடு அந்தப் பெண்…'

சே! அவளுக்கு என்றைக்கு ஜன்னலோரம் கிடைத்தது? கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை அணைத்துக்கொண்டு சிதம்பரம்வரை நின்றபடியே போவாள். பி.எஸ்சி. இரண்டாம் வருடம்.

3

நிக்காஹ் அன்று மஹர் என்னவென்று, அதை நடத்திவைக்க வந்த பள்ளிவாசல் அஜ்ரத் கேட்டார். இத்தனை பவுன் என்று வரும் என எல்லோரும் காத்திருக்க, உள்ளேயிருந்து அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தது. 'பவுன் வேண்டாம். என் பட்டப்படிப்பை முடிக்க வைக்க வேண்டும்.'

பந்தலே சிரித்தது. "இதெல்லாம் செல்லுமா அஜ்ரத்து?"

அஜ்ரத் சிரிக்கவில்லை. "குர்ஆன் கத்துக்குடுக்கறதையே மஹரா வச்சி நபிகள் நாயகம் நிக்காஹ் முடிச்சி வச்சிருக்காங்கப்பா. தாராளமா செல்லும்."

சைபுல்லா சம்மதித்துக் கபூல் சொன்னான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

4

அவனை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கை நீட்டியவனில்லை. கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அடுத்த வருஷம் சேத்துவுடறேன் புள்ள" என்பான். முதல் வருடம் மகள் நஸீமா வயிற்றில். பிறகு மாமியாருக்குப் பக்கவாதம். பிறகு குவைத். இப்படியே பதினெட்டு அடுத்த வருஷம். குவைத்திலிருந்து மிக்ஸி வந்தது, வாட்ச் வந்தது. ரெக்கார்டு நோட்டு பீரோமேல் கிடந்தது. கடைசி இரண்டு சோதனைக்கு இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.

5

முடிவு அ: மன்னிக்கிறாள். பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் நஸீமா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: "மன்னிக்க மாட்டேன் மச்சான்!" கைதட்டல் கிடைக்கும். ஆனால் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவள். அவனைக் கடனோடு மண்ணுக்குள் அனுப்ப அவளுக்கு எப்படி மனசு வரும்?

முடிவு இ:

6

இ-யை எழுத உட்கார்ந்து மூன்று மாதமாகிறது. இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. அந்த நிக்காஹ் பதிவேட்டில் சாட்சிகளின் கையெழுத்து இரண்டு. ஒன்று என்னுடையது. வருடாவருடம் அந்த வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்தேன். 'மஹர் என்னடா ஆச்சு?' என்று அவனை ஒரு தடவை கேட்டதில்லை. வெட்கக்கேடு.

ஒன்றில் பொய் சொன்னேன். அவள் வாய் திறந்தாள்.

"சொல்லும்மா, அஸர் தொழுகைக்கு நேரமாவுது" என்றார் ரஃபியுதீன், இரண்டாம் முறையாக.

"சொல்றேன் மச்சான். அன்னிக்கி சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க யாராச்சும் வந்திருக்காங்களா? அவுங்க சொல்லட்டும், நான் மன்னிக்கிறது எதன்னு."

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. சந்தூக்கின் ஒரு பிடி என் கையில் இருந்தது.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. திரைக்குப் பின்னால் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது பதில் சொல்லுங்கள்.