வெனீருக்கு அடியில் பன்னிரண்டு ஆணி

அக்கார்டியனை வாசிக்கிற நிலையில் தன் தங்கையிடம் கொடுக்க வேண்டும். என் மனைவி கேட்டது அது ஒன்றுதான். இடப்பக்கப் பெட்டிக்கு அவளே வெனீர் என்கிற மெல்லிய மரத்தாளை ஒட்டி முடித்திருந்தாள். வலப்பக்கத்தைத் தொடுவதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள்.

அவள் போய் நான்கு மாதம் கழித்து மிச்சத்தை எடுத்தேன். பழைய செல்லுலாய்டு உறையை அவளுடைய ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தேன். கற்பூர வாசனை வந்தது. அந்த டிரையருக்குக் கடைசி ஒரு வருடம் வேலை இருந்ததில்லை. மரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். மரத்திலும் வெனீரின் பின்பக்கத்திலும் பசை தடவிக் காயவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். மூன்று கை வார்னிஷ். எங்கும் ஒரு குமிழி இல்லை.

சனிக்கிழமை மச்சினி வந்தாள். தோளில் மாட்டி, துருத்தியை விரித்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தாள்.

"அலங்காரம் பிரமாதம் அத்தான். நடுவுல ஒருத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறா."

"உறையை உரிச்சப்ப ஏதாவது உள்ள விழுந்திருக்கும்."

"அப்ப கழட்டுங்க."

எங்கே கழற்றுவது? பெட்டியைத் துருத்தியோடு பிடித்திருப்பவை சுற்றிலும் உள்ள சின்ன ஆணிகள். அவற்றை உருவிவிட்டுத்தான் வெனீர் ஒட்ட வேண்டும். நான் அவற்றின் மேலேயே ஒட்டியிருந்தேன். இடப்பக்கத்தில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

"அக்கா சொல்லலையா?"

"சொன்னா."

கட்டிலில் படுத்தபடி, முதலில் ஆணி, ஆணி என்றாள். நான் சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

"நல்லா கேட்டீங்க, போங்க. காந்தம் இருக்கா?"

வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரி சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த பரிசோதனை பத்தாம் தேதி, காலை பத்தரை. அவள் இறந்தது எட்டாம் தேதி.

மச்சினி சீட்டைப் படித்தாள்.

"எடுக்கட்டுமா?"

"எடு."

சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, காந்தத்தைப் பெட்டியின் ஓரமாக நகர்த்தினாள். அது இழுத்த இடங்களில் பென்சில் புள்ளி வைத்தாள். நான் பிளேடால் கீறினேன். பன்னிரண்டு இடத்தில் வெனீர் பிய்ந்தது. குறடால் பிடுங்கியதில் இரண்டு ஆணி வளைந்தது.

உள்ளே, சுரம் எழுப்பும் ஓர் உலோக நாக்கில் செல்லுலாய்டுத் துணுக்கு சிக்கியிருந்தது, நகக்கண் அளவு. ஊசியால் தள்ளி எடுத்தாள். பத்து ஆணியோடு மூடி, அந்தக் கட்டையை அழுத்தினாள்.

"பேசிட்டா."

நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, "இதே ஆணி வாங்கணும், கடையில காட்ட மாதிரி வேணும்" என்று வளைந்த இரண்டையும் காந்தத்தில் ஒட்டிக் கைப்பைக்குள் போட்டாள். அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சீட்டு இன்னும் கையில் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் பழைய இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்தால் விழும்.