இரண்டு ஏக்கர் எழுந்து போன கதை

அடி அண்ணாமலை கிராமத்து முருகையனின் இரண்டு ஏக்கர் செம்மண் பூமி, கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு எழுந்து, கிரிவலப் பாதை வழியாக ஏரிக்குப் போயிற்று. அடைமழை என்பதால் பாதையில் கூட்டம் கம்மி. அலையலையாக நகர்ந்து வந்த நிலத்துக்கு இரண்டு ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. மூன்றாவது ஆட்டோக்காரர் மட்டும் ஹாரன் அடித்தார். அவர் வெளியூர். நிலம் இருந்த இடத்தில் கிணற்றின் சுற்றுச்சுவர் இடுப்பளவு கூடுதலாக உயர்ந்து நின்றது.

முருகையனைக் குறை சொல்ல முடியாது. சுத்தமான மனிதர். ஐப்பசியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய கையோடு கொடியை மாட்டுக்கு ஏற்றி அனுப்பி, வரப்பு அருகம்புல்லைச் செதுக்கி, சருகைக் கொளுத்தி, பெருமழைக்கு முன் பூமியை வாசல் மாதிரி ஆக்கிவிடுவார். கோலம் போடாததுதான் பாக்கி. பக்கத்து நிலத்து உண்ணாமலை அவருக்கு நேரெதிர். அவள் நிலத்தில் கொழுஞ்சியும் தும்பையும் ஆவாரையும் முழங்கால் வரை மண்டிக் கிடக்கும். அந்த நிலம் அன்றைக்கு எங்கும் போகவில்லை. சோம்பேறியின் பூமியும் சோம்பேறி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கோடையில் ஏரி வற்றியதும் முருகையன் வண்டல் எடுக்க அனுமதி வாங்கி, தன் நிலத்தை டிராக்டரில் திரும்ப ஏற்றி வந்தார். அவருடையதுதான், சந்தேகமில்லை; மனைவி எல்லம்மாள் தொலைத்த களைக்கொத்து அதிலேயே இருந்தது. பரப்பினார், பயிர் வைத்தார், அறுவடை முடிந்ததும் மறுபடி வழித்துச் சுத்தம் செய்தார். கார்த்திகையில் நிலம் மறுபடி போயிற்று. வழி தெரிந்துவிட்டதால் இம்முறை சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. அதில் பாதி மதகு வழியாக வெளியேறிவிட, திரும்பக் கொண்டுவந்தது ஒரு முழ ஆழம்கூட இல்லை. இன்னொரு தரம் போனால் பாறையில்தான் விதைக்க வேண்டும்.

உண்ணாமலையிடம் போய் நின்றார்.

“உன் பூமிய எதுல கட்டி வெச்சிருக்க?”

“நான் எங்க மாமா கட்டறேன்? செடிங்களே புடிச்சிக்கினு கீதுங்க. நீங்கதான் மொட்ட அடிச்சி வுடறீங்க. மொட்ட அடிச்சி முடிஞ்சா அது ஊருக்குக் கெளம்பாம இன்னா பண்ணும்?”

“களைய வுட்டா ஊரு சிரிக்குமே!”

“பூமி நடந்து போனப்ப அழுதாங்களா?”

அந்த வருஷம் முருகையன் மல்லாட்டைக் கொடியை நிலத்திலேயே பரப்பினார். கொழுஞ்சி விதை தூவினார். வரப்புப் புல்லைத் தொடவில்லை. துடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நிலத்துக்குத் தாடி முளைத்திருப்பதாகச் சிரித்தார்கள் என்று டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தினார்.

புயல் மழை வந்த அன்று முருகையன், எல்லம்மாள், உண்ணாமலை மூன்று பேரும் வரப்பில் நின்றார்கள். மொட்டையடித்த நிலங்களில் மழை கல்லெறிவதுபோல் விழுந்தது. இங்கே ஒவ்வொரு துளியும் முதலில் இலைமேல் உட்கார்ந்தது. பிறகு தண்டைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்கும் கர்ப்பிணியைப்போல் மெதுவாக இறங்கிற்று. பத்து மணிக்கு நிலத்தின் கீழ்க்கரை பாயின் விளிம்பாக மேலே எழும்பியது. அடியில் வேர்கள் தெரிந்தன. நூலைவிட மெல்லிசு, லட்சக்கணக்கில், ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நிலம் இழுத்தது. வேர்கள் முறுகி, ‘ங்ங்’ என்று தேனடை போல ஒலித்தன. எல்லம்மாள் தன்னையறியாமல் கும்பிட்டாள்.

“உக்காரு சாமி,” என்றார் முருகையன் தன் நிலத்திடம். “எங்க போயி இன்னா பண்ணப் போற?”

இரண்டு மணிவரை முளைக்கயிற்றுக் கன்றாக இழுத்துப் பார்த்த நிலம், பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

மழை விட்டபோது ஊரெல்லாம் செந்நீர் ஓடிற்று. முருகையனின் நிலத்திலும் உண்ணாமலையின் நிலத்திலும் வழிந்த தண்ணீரில் மட்டும் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. எல்லம்மாள் அதில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு போய் உலை வைத்தாள்.